விலையும் வேகமும்

நாவல் எழுதுகிறவனிடம் வந்து கம்ப்யூட்டர் வாங்க யோசனை கேட்பது என்ன முறை என்று யாரும் கேட்கலாம். நானும் கேட்டேன். ஆனால் தொண்டாமுத்தூரில் அந்தப் பாகுபாடெல்லாம் செல்லாது. ஊரில் ஒருவன் நாலு புத்தகம் எழுதிவிட்டான் என்றால், பத்திரத்தைப் படித்துச் சொல்லவும், மருந்துச் சீட்டைப் பார்த்துச் சொல்லவும், பையனை எந்தக் காலேஜில் சேர்க்கலாம் என்று சொல்லவும் அவனே அதிகாரி. அந்த அதிகாரத்தின் பேரில்தான் பக்கத்துத் தோட்டக்காரர், 2022-ல் ஆடி பிறந்த நாலாம் நாள், மகளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்.

பெண்ணின் கையில் மூன்று தாள்கள். மூன்றிலும் நீளமும் குட்டையுமாகப் பட்டைகள். ஒவ்வொரு பட்டைக்கும் இடப்புறம் ஒரு பிராசஸரின் பெயர், வலப்புறம் ஓர் எண். கீழே விலை.

“அண்ணா, இதெக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. புள்ள ஒண்ணு வேணுங்கறா. கடைக்காரரு இன்னொண்ணு எடுங்கறாரு. எதுங்க ஒசத்தி?”

விஷயம் இதுதான். அந்தப் பெண் கோவையில் ஒரு ஸ்டூடியோவில் கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டிச் சேர்க்கும் வேலை கற்றுக்கொண்டிருந்தாள். தினமும் பஸ்ஸில் போய் வருவதற்குப் பதில், வீட்டிலேயே கம்ப்யூட்டர் போட்டுக்கொண்டால் உருப்படிக் கணக்கில் வேலை தருவதாக ஸ்டூடியோக்காரர் சொல்லியிருந்தார். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. ஆவணி பிறந்தால் கலியாணங்கள் வரிசையாக வரும். அதற்குள் யந்திரம் வீட்டில் இருக்கவேண்டும். பாக்குத் தோப்பைக் குத்தகைக்கு விட்ட பணத்தில் அறுபதாயிரம் ரூபாயைத் தகப்பனார் இதற்கென்று ஒதுக்கியிருந்தார். தப்பான யந்திரம் வந்து சேர்ந்தால் அதை மாற்ற அடுத்த குத்தகைவரை காத்திருக்கவேண்டும்.

அந்த மூன்று தாள்களையும் இரண்டு நாள் வைத்துக்கொண்டு படித்தேன். பிறகு அந்த மாதிரிக் கட்டுரைகளை வேறு பல இடங்களிலும் தேடிப் படித்தேன். ஒரு புத்தகத்துக்கு மதிப்புரை எழுத எவ்வளவு சிரமப்படுவேனோ அவ்வளவு சிரமப்பட்டுப் படித்தேன் என்று சொல்லலாம். பிராசஸர் விமர்சனம் என்பது இன்று ஒரு தனி எழுத்துத் துறை. அதற்கு மரபு இருக்கிறது, நடை இருக்கிறது, கட்சிகள் இருக்கின்றன. இன்டெல் கட்சி, ஏ.எம்.டி. கட்சி என்று வாசகர்கள் பிரிந்து நின்று ஏசிக்கொள்வதைப் பார்த்தால் நம் பழைய இலக்கியச் சண்டைகள் சாதுவானவை என்று தோன்றும். ஆகவே ஓர் எழுத்து வகையாக எடுத்துக்கொண்டு அதைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்வதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

என் அபிப்பிராயம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடவேண்டும். அது கம்ப்யூட்டரிலிருந்து வரவில்லை, பம்பிலிருந்து வந்தது.

கோயம்புத்தூரில் மோட்டார் வாங்கப் போகிறவன் கடையில் ஏறி, “எது நல்ல மோட்டார்?” என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். அவர் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, “போர் எத்தனை அடிங்க?” என்பது. இரண்டாவது, “தண்ணி எத்தனை அடியில நிக்குது?” மூன்றாவது, “டெலிவரி எத்தனை இஞ்சு?” இவை மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் அவர் விலைப் பட்டியலைத் திறப்பார். ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் இந்திய மோட்டாரை உருவாக்கிய ஊர் இது. பம்பு நகரம் என்று பெயர் வாங்கிய ஊர். இங்கே தோட்டக்காரனுக்கு எழுதப்படாத ஒரு விமர்சன ஞானம் உண்டு. ஒரு பம்பு எல்லா ஆழத்துக்கும் நல்ல பம்பு அல்ல. ஒவ்வொரு பம்புக்கும் ஓர் ஆழம் இருக்கிறது. அந்த ஆழத்தில்தான் அது தின்கிற மின்சாரத்துக்கு நியாயமாகத் தண்ணீர் தரும். அதைவிட ஆழமானால் தண்ணீர் குறையும், ஆழம் மிகக் குறைந்தாலும் திறமை கெடும். பம்பின் மேல் பதித்திருக்கும் தகட்டில் எத்தனை மீட்டர் ஏற்றத்துக்கு எத்தனை லிட்டர் என்று போட்டிருப்பது அதற்காகத்தான். குதிரைத் திறன் ஒன்றாகவே இருக்கும் இரண்டு பம்புகளில் ஒன்று நூறடிக் கிணற்றுக்கு உகந்தது, மற்றது எண்ணூறடி போருக்கு உகந்தது. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு முதல் பரிசு, இரண்டாம் பரிசு கொடுப்பது அசட்டுத்தனம்.

பிராசஸர் விமர்சகர்களிடம் நான் காணும் பெருங்குறை இதுதான். அவர்கள் கிணற்றின் ஆழத்தைச் சொல்லாமல் பம்புக்குப் பரிசு கொடுக்கிறார்கள்.

அந்தப் பெண் கொண்டு வந்த முதல் தாளையே பார்க்கலாம். பன்னிரண்டு விளையாட்டுகளைப் பத்துப் பன்னிரண்டு பிராசஸர்களில் ஓட்டி, ஒரு விநாடிக்கு எத்தனை சித்திரம் வருகிறது என்று எண்ணி, சராசரி எடுத்து வரிசைப்படுத்தியிருந்தார்கள். அடியில் ஒரு சிறிய வரி: எல்லா யந்திரங்களிலும் சந்தையிலேயே மிக உயர்ந்த கிராபிக்ஸ் கார்டைப் பொருத்திச் சோதித்ததாக. இதற்குக் காரணம் உண்டு. கார்டு மந்தமாக இருந்தால் எல்லாப் பிராசஸர்களும் அதற்காகக் காத்து நிற்கும், வித்தியாசமே தெரியாது. வித்தியாசத்தைக் காட்டுவதற்காகவே உயர்ந்த கார்டு. சோதனை என்ற முறையில் இது சரி. ஆனால் வீட்டில் சாதாரணக் கார்டு வைத்திருப்பவனுக்கு அந்த வித்தியாசம் வராது என்பதும் இதே காரணத்தால் உண்மை. கார்டே வாங்கப்போகாத, விளையாடவும் போகாத ஒரு பெண்ணுக்கு அந்தத் தாள் எதைச் சொல்கிறது? வேறு யாருடைய கிணற்றிலோ எத்தனை தண்ணீர் வந்தது என்பதைச் சொல்கிறது.

வேலை மாறினால் வரிசை மாறும் என்பதற்குப் பெரிய சாட்சி 2017-ஆம் வருஷம். அந்த மார்ச்சில் ஏ.எம்.டி. கம்பெனி ரைஸன் 7 1800எக்ஸ் என்ற எட்டு கோர் பிராசஸரை 499 டாலருக்கு வெளியிட்டது. இன்டெல்லின் எட்டு கோர் பிராசஸரான ஐ7 6900கே அப்போது ஆயிரம் டாலருக்கு மேல் விற்றது. முப்பரிமாணச் சித்திரம் வரைவது போன்ற வேலைகளில் பாதி விலைப் பிராசஸர் முழு விலைப் பிராசஸரோடு தோளோடு தோள் நின்றது. உலகம் ஆச்சரியப்பட்டது, நியாயமான ஆச்சரியம். ஆனால் அதே மாதத்தில் இன்டெல்லின் நாலு கோர் ஐ7 7700கே, 340 டாலர் அளவில் கிடைத்தது. பெரும்பாலான விளையாட்டுகளில் அது 1800எக்ஸை முந்தியது. சித்திரம் வரையும் வேலையில் வெகுதூரம் பின்தங்கியது. இந்த இரண்டில் எது உயர்ந்தது? கம்பன் பெரியவனா வள்ளுவன் பெரியவனா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்வி பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. கேள்வி முடியவில்லை என்பதே என் புகார். ‘எதற்கு’ என்ற சொல் அதில் விட்டுப்போயிருக்கிறது.

“அதனால்தானே பல வேலைகளையும் சோதித்துச் சராசரி எடுக்கிறோம்?” என்று விமர்சகர்கள் சொல்வார்கள். சராசரியின் யோக்கியதையை ஒரு சின்னக் கணக்கில் காட்டுகிறேன். கறுப்புப் பெட்டி என்று ஒரு கம்ப்யூட்டர், வெள்ளைப் பெட்டி என்று ஒன்று. போட்டோவைத் திருத்தும் ஒரு வேலையைக் கறுப்பு 10 நிமிஷத்தில் முடிக்கிறது, வெள்ளை 20 நிமிஷம் எடுக்கிறது. வீடியோ வேலை ஒன்றைக் கறுப்பு 40 நிமிஷத்தில் முடிக்கிறது, வெள்ளை 20 நிமிஷத்தில் முடிக்கிறது. கறுப்பை அளவுகோலாக வைத்தால் வெள்ளை எடுக்கும் நேரம் முதல் வேலையில் இரண்டு மடங்கு, இரண்டாவதில் அரை மடங்கு. சராசரி ஒன்றே கால். ஆகவே வெள்ளை நூற்றுக்கு 25 மந்தம். இப்போது வெள்ளையை அளவுகோலாக வைத்துப் பாருங்கள். கறுப்பு எடுக்கும் நேரம் அரை மடங்கு, இரண்டு மடங்கு. சராசரி மறுபடியும் ஒன்றே கால். ஆகவே கறுப்பு நூற்றுக்கு 25 மந்தம்! ஒரே கணக்கு, இரண்டு தீர்ப்பு, இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன. இதனால்தான் 1988-ல் தோன்றிய ஸ்பெக் என்ற சோதனை அமைப்பு சாதாரணச் சராசரியை விட்டுப் பெருக்கல் சராசரியை எடுத்துக்கொண்டது. அந்த முறையில் இரண்டு பெட்டியும் சமம் என்று வரும். முரண்பாடு போய்விட்டது, நல்லதுதான். ஆனால் நாள் முழுக்க வீடியோ வேலையே செய்கிறவளுக்கு ‘சமம்’ என்ற விடையால் என்ன பிரயோஜனம்? அவளுக்கு வெள்ளைப் பெட்டி இரண்டு மடங்கு வேகம்.

இனி எண்களின் மயக்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு காலத்தில் மெகாஹெர்ட்ஸ் மயக்கம் இருந்தது. 2000-ஆம் வருஷக் கடைசியில் வந்த பென்டியம் 4, துடிப்பில் மிக வேகம். ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் அது செய்த வேலை குறைவு. எதிர்த் தரப்பு இதைச் சொல்லிப் பார்த்தும் ஜனங்கள் கேட்கவில்லை. ஆகவே 2001-ல் ஏ.எம்.டி., 1533 மெகாஹெர்ட்ஸில் ஓடும் தன் பிராசஸருக்கு ‘1800+’ என்று பெயர் சூட்டியது. எண்ணைப் பார்த்து வாங்குகிற ஜனங்களுக்கு எண்ணையே பெயராகக் கொடுத்துவிட்டார்கள்! சாமர்த்தியம்தான், ஆனால் விமர்சனம் தோற்ற இடத்தில்தான் இந்த மாதிரிச் சாமர்த்தியம் முளைக்கிறது.

மெகாஹெர்ட்ஸ் மயக்கம் தெளிந்ததும் கோர் மயக்கம் வந்தது. நம்மூர்க் கணக்கில் சொல்கிறேன். ஒரு காட்டில் சின்ன வெங்காயத்தைப் பிடுங்க ஒற்றை ஆளுக்கு எட்டு மணி நேரம் ஆகிறது. பிடுங்கியதை ஒரே ஒரு வண்டியில் நடை நடையாகச் சந்தைக்குக் கொண்டு சேர்க்க இன்னோர் எட்டு மணி நேரம். மொத்தம் 16. எட்டு ஆளை விட்டால் பிடுங்குவது ஒரு மணியில் முடியும்; வண்டி வேலை அப்படியே எட்டு மணி. மொத்தம் 9. ஆள் எட்டு மடங்கு, வேகம் இரண்டு மடங்குகூட இல்லை. ஜீன் ஆம்டால் என்ற அமெரிக்க நிபுணர் 1967-ல் கம்ப்யூட்டருக்குச் சொன்ன விதி இதுதான். அவர் பெயராலேயே வழங்குகிறது. பிரித்துக் கொடுக்க முடியாத வேலை எவ்வளவு என்று தெரியாமல் கோர்களை எண்ணுவது வீண்.

ஆளை எண்ணுவதோடு ஆயுதத்தையும் எண்ணவேண்டும். 2011 அக்டோபரில் வந்த ஏ.எம்.டி. எஃப்.எக்ஸ். 8150-ஐ எட்டு கோர் என்று விற்றார்கள். அதன் உள்ளமைப்பில் முழு எண் கணக்குப் போடும் உறுப்பு எட்டு பேருக்கும் தனித்தனி. தசமக் கணக்குப் போடும் உறுப்பு மட்டும் இரண்டு பேருக்கு ஒன்று. எட்டு ஆளுக்கும் மண்வெட்டி உண்டு, கடப்பாரை நாலுதான் என்ற மாதிரி. மண்வெட்டி வேலையில் எட்டு ஆள் என்பது மெய். பாறை வந்தால்? அமெரிக்காவில் வாங்கினவர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். 2019-ல் கம்பெனி தப்பை ஒப்புக்கொள்ளாமலே 1 கோடியே 21 லட்சம் டாலருக்குச் சமரசமாயிற்று. கோர் என்றால் என்ன என்பது நீதிமன்றம்வரை போகவேண்டிய கேள்வியாக இருந்திருக்கிறது. பட்டியலில் அது வெறும் ‘8’.

வேகத்தின் கதை இப்படி என்றால், விலையின் கதை இன்னும் வேடிக்கை. மூன்று தாள்களிலும் வேகத்தை விலையால் வகுத்து, ‘ஒரு டாலருக்கு இத்தனை’ என்று ஒரு பட்டை போட்டிருந்தார்கள். பார்க்க நியாயமாக இருக்கிறது. ஆனால் யாரும் பிராசஸரை மட்டும் வாங்கி மேஜைமேல் வைத்துப் பூஜை செய்வதில்லை. உதாரணத்துக்கு, பத்தாயிரம் ரூபாய்ப் பிராசஸரின் வேகம் 100 என்றும், பதினையாயிரம் ரூபாய்ப் பிராசஸரின் வேகம் 125 என்றும் வைத்துக்கொள்வோம். ஆயிரம் ரூபாய்க்கு முதலாவது 10, இரண்டாவது எட்டே கால் சொச்சம். மலிவானதே லாபம். இப்போது மதர்போர்டு, ரேம், திரை, பெட்டி எல்லாம் சேர்ந்து நாற்பதாயிரம் என்று கூட்டுங்கள். ஐம்பதாயிரத்துக்கு 100; ஐம்பத்தையாயிரத்துக்கு 125. ஆயிரம் ரூபாய்க்கு முதலாவது 2, இரண்டாவது இரண்டே கால் சொச்சம். விலை உயர்ந்ததே லாபம்! வகுக்கும் எண்ணை மாற்றினோம், தீர்ப்புத் தலைகீழாகிவிட்டது. எந்த விலையால் வகுக்கவேண்டும் என்பது கணக்குக் கேள்வியல்ல. வாங்குகிறவன் எதை வைத்திருக்கிறான், எதைப் புதிதாக வாங்கவேண்டும் என்ற குடித்தனக் கேள்வி.

இதில் எழுத்துகளும் விலை பேசும். இன்டெல் ஐ5 12400 என்று ஒன்று, 12400எஃப் என்று ஒன்று. வந்த புதிதில் இரண்டுக்கும் 25 டாலர் வித்தியாசம். கடைசி ‘எஃப்’ எழுத்து, திரையில் படம் காட்டும் பகுதி இதில் வேலை செய்யாது என்று அர்த்தம். ஏ.எம்.டி. தரப்பில் நேர் எதிர் வழக்கம்: ரைஸன் 5 5600-ல் படம் காட்டும் பகுதி கிடையாது, 5600ஜி-யில் உண்டு. ஓர் எழுத்தைத் தள்ளி மிச்சம் பிடிக்கிறவன், அதைப்போலப் பல மடங்கு கொடுத்துத் தனிக் கார்டு வாங்கவேண்டி வரும். அந்தப் பெண்ணுக்குக் கடைக்காரர் சிபாரிசு செய்தது எஃப். அவள் ஆசைப்பட்டது 5600. இரண்டும் விலைக்கு வேகம் என்ற பட்டியலில் முன்னணியில் நின்றவை. இரண்டையும் வாங்கி வந்து மாட்டினால் திரை கறுப்பாகவே இருந்திருக்கும்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். இதில் எனக்கு அநுபவம் உண்டு, தப்பு என்னுடையது. 2012-ல் தமிழ்நாடு முழுவதும் மின்வெட்டு. கோவைப் பக்கம் நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கரண்டு இல்லாத நாட்களும் உண்டு. நாவல் எழுதத்தான் கம்ப்யூட்டர் என்பதை மறந்து, பட்டியலில் மேலே நின்ற ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். கரண்டு போனால் சின்ன யு.பி.எஸ். ஐந்து நிமிஷம் தாங்கும். எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் முடியாது. பக்கத்து வீட்டுப் பையனின் பழைய மந்தக் கம்ப்யூட்டர் அதே மாதிரி யு.பி.எஸ்.ஸில் அரை மணி ஓடியது. அந்த வருஷம் என் அளவுகோலில் அவனுடையதே வேகமான யந்திரம். இன்று அவ்வளவு வெட்டு இல்லை. ஆனாலும் பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்பக் கூடாது. 12400-இலும் 5600-இலும் 65 வாட் என்றே போட்டிருக்கும். ஆனால் முழு வேகத்தில் முதலாவது 117 வாட்வரை போகலாம், இரண்டாவது அவ்வளவு போகாது. 13900கே-யின் 125 வாட், அவசியம் வந்தால் 253 ஆகும். ஒரே எண், ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு அர்த்தம். விமர்சகர் அளந்து சொல்லவேண்டிய இடம் இது. நல்லவர்கள் அளக்கவும் அளக்கிறார்கள்.

தீர்ப்புச் சொல்கிறவர் யார் என்பதையும் மறக்கக் கூடாது. சோதனைக்கு வரும் பிராசஸர்கள் பெரும்பாலும் கம்பெனிகள் இனாமாக அனுப்புபவை. இதை லஞ்சம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் மதிப்புரைக்குப் புத்தகங்கள் இனாமாகத்தான் வருகின்றன. ஆனால் விலை கொடுக்காதவனுக்கு விலையின் உறைப்புத் தெரிவது கஷ்டம். தோட்டத்துக்கு இலவச மின்சாரம் வந்தபின் எங்களில் எத்தனை பேர் பம்பின் திறமையைக் கேட்டு வாங்குகிறோம்? அதே மாதிரித்தான்.

உரைகல்லிலேயே கோளாறு என்ற புகாரும் உண்டு. இன்டெல்லின் கம்பைலர், அதாவது புரோகிராமை யந்திர மொழிக்கு மாற்றும் சாதனம், மற்றக் கம்பெனிப் பிராசஸர்களுக்கு வேகக் குறைவான பாதையைக் கொடுக்கக்கூடும் என்பதை வாங்குவோருக்கு வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று 2010-ல் அமெரிக்க வர்த்தகக் கமிஷனோடு செய்துகொண்ட உடன்பாட்டில் இன்டெல் ஒப்புக்கொண்டது. 2011-ல் சிஸ்மார்க் என்ற சோதனைத் தொகுப்பு ஒருதலையானது என்று சொல்லி, அதைத் தயாரிக்கும் சங்கத்திலிருந்தே ஏ.எம்.டி. விலகியது. பென்டியம் 4 காலத்துச் சோதனை எண்களைப் பற்றிய வழக்கு ஒன்று 2014-ல் சமரசமாகி, அமெரிக்காவில் அதை வாங்கினவர்களுக்கு ஆளுக்கு 15 டாலர் தருவதாயிற்று. இன்டெல் குற்றத்தை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. தங்கத்தை உரைக்கும் முன் கல்லைப் பார் என்பதே நான் கற்ற பாடம்.

இவ்வளவு சொன்னதால் ஒப்பீடே வேண்டாம் என்பது என் கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். ஒப்பிட ஆளில்லாத காலம் எப்படி இருக்கும் என்பதை 2011 முதல் 2017 வரை பார்த்தோம். 2011-ல் வந்த ஐ7 2600கே நாலு கோர். ஆறு வருஷம் கழித்து வந்த ஐ7 7700கே-யும் நாலு கோர். போட்டி சோர்ந்திருந்தது, கம்பெனிக்கு அவசரம் இல்லை. ரைஸன் வந்த அதே 2017-ன் அக்டோபரில் ஐ7 8700கே ஆறு கோரோடு வந்து நின்றது. அந்தப் போட்டியை ஜனங்களுக்கு எடுத்துச் சொன்னவர்கள் விமர்சகர்கள்தாம். 1997-ல் ஆனந்த் லால் ஷிம்பி என்ற பதினாலு வயதுப் பையன் அமெரிக்காவில் தொடங்கிய ஆனந்த்டெக் பத்திரிகை, பிராசஸரின் உள்ளே என்ன நடக்கிறது, ஏன் இந்த எண் வருகிறது என்று பக்கம் பக்கமாக விளக்கியது. 2024 ஆகஸ்டில் அது நின்றுபோனது. என் போன்ற பாமரன் அதைப் படித்துப் பாதிதான் புரிந்துகொள்வேன். ஆனால் அந்தப் பாதியால் மற்றவர்களின் பட்டைகளைப் படிக்கத் தெரிந்துகொண்டேன். காரணம் சொல்லும் விமர்சனம் நம்மைத் தானே தீர்மானிக்கப் பழக்கும். பட்டை மட்டும் காட்டும் விமர்சனத்தைப் படித்தவன் அடுத்த பட்டைக்கு மறுபடியும் அவரிடமே போய் நிற்கவேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னேன் என்பதைச் சொல்லவில்லையே.

“அம்மிணி, ஒரு நோட்டு எடுத்துக்க. ரெண்டு நாள் ஸ்டூடியோவில வேலை செய்யறப்ப, எங்கெங்க கையைக் கட்டீட்டு உக்காந்திருக்கறயோ அதை மணி பாத்து எழுதீட்டு வா” என்றேன்.

“அதுக்கும் பிராசஸருக்கும் என்னங்க பெரீப்பா?” என்று கேட்டாள்.

“உங்கப்பன் போர் போட்டா முதல்ல கயிறு விட்டுத்தானே பாப்பாரு?”

தகப்பனார் சிரித்துவிட்டார்.

மூன்றாம் நாள் நோட்டு வந்தது. முழு வீடியோவும் தயாராகி வெளிவர முக்கால் மணி, ஒரு மணி என்று ஆகிறது. ஆனால் அதை ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போய்விடலாம். பத்து நிமிஷம் முன்னே முடிந்தாலும் பின்னே முடிந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அவள் கை கட்டி உட்கார்ந்திருந்த இடங்கள் வேறு. காமிராக் கார்டிலிருந்து பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் படங்களை ஏற்றும் நேரம். ரேம் நிறைந்து போய் யந்திரம் திணறும் நேரம். வெட்டுவதற்காக வீடியோவை ஓட்டிப் பார்க்கும்போது படம் விக்கி விக்கி நிற்கும் நேரம். நாளில் இரண்டு மணிக்கு மேல் இப்படியே போயிருந்தது.

முதல் இரண்டுக்கும் பிராசஸர் பொறுப்பல்ல. மூன்றாவதுக்குத்தான் கொஞ்சம் பொறுப்பு; அதுவும் கோர் கணக்கால் அல்ல. ஸ்டூடியோவின் காமிரா பதிவு செய்யும் ஹெச்.இ.வி.சி. 4:2:2 என்ற தினுசுப் படத்தை, 12400-இன் காட்சிப் பகுதியில் உள்ள தனிச் சுற்று நேரடியாகப் பிரித்துப் படிக்கும். 5600ஜி-யில் இருப்பது அந்தத் தினுசைப் படிக்காது. எஃப்-இல் அந்தப் பகுதியே வேலை செய்யாது. ஆக, எஃப் இல்லாத 12400, 32 ஜி.பி. ரேம், நல்ல எஸ்.எஸ்.டி. என்று முடிவாயிற்று. தனிக் கார்டு வாங்கவில்லை. வரி உட்பட அறுபதாயிரத்துக்குள் அடங்கியது. இந்தக் காரணம் அந்த மூன்று தாள்களில் ஒன்றிலும் இல்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் 12400 வாங்க ஓடவேண்டாம். அது 2022-ல், அந்தக் காமிராவுக்கு, அந்த வேலைக்கு, அந்தப் பணத்துக்கு. அவளுடைய மாமன் மகன் பீளமேட்டில் பம்பு வார்ப்படங்களுக்கு முப்பரிமாணப் படம் வரைகிறான். அவன் வந்து கேட்டிருந்தால் விடை வேறாக இருந்திருக்கும். அவனும் முதலில் நோட்டு எழுத வேண்டியிருந்திருக்கும். விமர்சகர்களிடம் நான் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு பட்டைக்கும் மேலே, இது எத்தனை அடிக் கிணறு என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். மிச்சத்தை வாங்குகிறவன் பார்த்துக்கொள்வான்.

கார்த்திகையில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆவணி, ஐப்பசி முகூர்த்த வேலையெல்லாம் முடித்துக் கொடுத்திருந்தாள். “என்ன அம்மிணி, வேகமாப் போகுதா?” என்று கேட்டேன்.

“வேகமான்னு தெரீலீங்க பெரீப்பா. நோட்டை எங்க வெச்சேன்னே மறந்துட்டனுங்க” என்றாள். தகப்பனார் மோட்டாரை நிறுத்தப் போயிருந்தார்.